எலும்பு என்ன சொல்லும், என்ன சொல்லாது?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். 1990இல் வீட்டிலிருந்து ஒருவரை இழந்து, இன்றுவரை ஜனாஸா கிடைக்காத குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. அவர்களில் வயதானவர்கள் முகநூல் பார்ப்பதில்லை. அவர்களுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டினால் நல்லது.

2025 ஆகஸ்டில் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றம் குருக்கள்மடத்தில் புதைகுழி இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தைத் தோண்ட உத்தரவிட்ட நாளிலிருந்து ஊரில் இரண்டு பேச்சு நடக்கிறது. ஒன்று: "டி.என்.ஏ பாத்தா எல்லாம் தெரிஞ்சிரும்." மற்றது: "டி.என்.ஏயெல்லாம் நம்பேலா. சாராட விசயத்துல ஒருக்கா இல்ல எண்டாங்க, பிறகு ஓம் எண்டாங்க."

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சட்ட வைத்தியம் என் துறை அல்ல. ஆனால் பரம்பரையியல் பாடம் எடுக்கும்போது பிள்ளைகளும் இதே இரண்டையும்தான் கேட்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று நமது கரையில் நடந்தவற்றைக் கொண்டே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இலகுவான ஒன்று. 2004 டிசம்பர் 26, சுனாமி. கல்முனை வைத்தியசாலைக்கு இடிபாடுகளிலிருந்து மீட்ட ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பெயர் தெரியாது. அன்று அனுமதிக்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் "குழந்தை 81" என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது தாய்மார் உரிமை கேட்கிறார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. நீதிமன்றத்துக்கு முறைப்படி வந்தது ஒரு தம்பதிதான். நீதவான் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். 2005 பெப்ரவரி 14ஆம் திகதி முடிவு வந்தது, பிள்ளை அவர்களுடையதுதான். இரண்டு நாளில் பிள்ளை தாயின் கைக்குப் போனது.

அந்தப் பரிசோதனையில் என்ன பார்த்தார்கள்? நமது மரபணுவில் சில இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வாப்பாவிடமிருந்து, மற்றது உம்மாவிடமிருந்து. பிள்ளைக்கு ஓரிடத்தில் 12, 15 என்று இருந்தால், ஒரு எண் தாயிடமும் மற்றது தகப்பனிடமும் இருந்தாக வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களுக்கு மேல் பார்த்து, எல்லா இடத்திலும் கணக்குச் சரியாக வந்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

குழந்தை 81இன் விடயத்தில் எல்லாம் வசதியாக இருந்தன. பிள்ளை உயிரோடு இருந்தது, இரத்தம் சுத்தமாகக் கிடைத்தது. தாய், தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தார்கள். கேள்வியும் ஒன்றே ஒன்று: "இந்தப் பிள்ளை இந்த இருவருடையதா?" மரபணுவுக்கு இதைவிட இலகுவான பரீட்சைத்தாள் கிடையாது. நம்மில் பலர் டி.என்.ஏ என்றதும் மனதில் வைத்திருப்பது இதைத்தான். குருக்கள்மடம் அப்படியான பரீட்சைத்தாள் அல்ல.

இரண்டாவது, எல்லோரும் பேசுகிற சாய்ந்தமருது. 2019 ஏப்ரல் 26 இரவு அந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அங்கே சாரா என்று அறியப்பட்ட, நமது மாவட்டத்தைச் சேர்ந்த பெண்ணும் இருந்தார் என்று சொல்லப்பட்டது. ஆனால் முதல் இரண்டு மரபணுப் பரிசோதனைகளிலும் அவருடைய தாயின் மாதிரியோடு எதுவும் பொருந்தவில்லை. அவ்வளவுதான், அவர் தப்பிவிட்டார், படகில் போய்விட்டார் என்று கதைகள் கிளம்பின. 2022 ஏப்ரலில் அம்பாறையில் புதைத்திருந்த எச்சங்களை மறுபடி தோண்டி எடுத்தார்கள். 2023 மார்ச்சில், மூன்றாவது பரிசோதனையில் தாயோடு பொருந்தியது, அவர் அங்கேயே இறந்துவிட்டார் என்று பொலிஸார் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் கேள்விகள் ஓயவில்லை.

அந்த விசாரணையின் சரி பிழையைத் தீர்மானிக்க நான் யாருமல்ல. ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன். "பொருந்தவில்லை" என்ற முடிவு எதைப் பற்றிப் பேசுகிறது? சோதித்த துண்டுகளைப் பற்றி மட்டும்தான். "நாங்கள் பார்த்த துண்டுகளில் அந்தத் தாயின் மகள் இல்லை" என்பது ஒரு வசனம். "அந்த வீட்டில் அந்தப் பெண் இருக்கவில்லை" என்பது வேறொரு வசனம். முதலாவது ஆய்வுகூடம் சொல்லக்கூடியது. இரண்டாவதைச் சொல்ல, எல்லாத் துண்டுகளும் கிடைத்தனவா, எல்லாவற்றையும் சோதித்தார்களா, எரிந்ததில் மரபணு மிஞ்சியிருந்ததா என்றெல்லாம் தெரிய வேண்டும். நாம் முதல் வசனத்தைக் கேட்டுவிட்டு இரண்டாவதைப் பரப்பினோம்.

வெடிப்புச் சம்பவங்களில் எத்தனை உடல்கள் என்று எண்ணுவதே எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னொரு சாட்சி அதே வாரத்தில் உண்டு. ஈஸ்டர் தாக்குதலில் இறந்தோர் தொகையை முதலில் 359 என்றார்கள். பிறகு சுகாதார அமைச்சே 253 அளவில் என்று திருத்தியது. சிதறிய உடல் பாகங்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணியதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கண்ணால் எண்ணியதில் நூறுக்கு மேல் வித்தியாசம். கலந்து கிடக்கும் எலும்புகளைப் பார்த்து "இத்தனை பேர்" என்று முதல் நாளே யாராவது வீடியோ போட்டால் இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது மன்னார். 2018இல் சதொச கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் வந்தன. எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது, சிறு பிள்ளைகளுடையவையும் இருந்தன. காணாமல் போனவர்களின் தாய்மார் அந்த வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். 2019 மார்ச்சில் பதில் வந்தது. பல நூறு ஆண்டுகள் பழைமை, யுத்த காலத்தவை அல்ல என்று. அந்தத் தாய்மாரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பலர் அந்த முடிவை ஏற்கவில்லை.

அங்கே பயன்பட்டது காபன்-14 முறை. மரபணு "யார்" என்று சொல்லப் பார்க்கிறது, காபன் "எப்போது" என்று சொல்லப் பார்க்கிறது. அதுவும் கேட்ட துண்டுக்குத்தான் பதில் தரும். ஆறு எலும்புக்குக் கிடைத்த வயது மற்ற முந்நூறுக்கும் பொருந்துமா என்பதை, அந்த ஆறையும் எங்கிருந்து எடுத்தார்கள், ஒரே மண் படையில் கிடந்தனவா என்று பார்த்துத்தான் சொல்லலாம். அது ஆய்வுகூடத்தின் வேலை அல்ல, தோண்டும் இடத்தில் குறிப்பு எழுதுகிறவரின் வேலை.

1990ஐச் சேர்ந்த எலும்புகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததால் காற்றில் காபன்-14 ஏறத்தாழ இருமடங்காகியது. அதற்குப் பிறகு சாப்பிட்டு வளர்ந்த எல்லோருடைய பல்லிலும் எலும்பிலும் அந்த அடையாளம் உண்டு, நம்முடையதிலும்தான். ஆகவே ஒருவர் 1955க்குப் பிறகு வாழ்ந்தவரா, முந்நூறு வருடத்துக்கு முன்னர் வாழ்ந்தவரா என்பதைப் பிரிப்பது கடினமல்ல. ஆனால் 1990இல் இறந்தவரா, 2004இல் இறந்தவரா என்று பிரிப்பது கடினம்.

இந்த 2004ஐச் சும்மா சொல்லவில்லை. இப்போது குருக்கள்மடத்துக்கு வருகிறேன்.

நடந்தது பலருக்குத் தெரியும். 1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்களைக் குருக்கள்மடத்தில் மறித்து விடுதலைப் புலிகள் கொண்டுபோய்க் கொன்றதாகக் குற்றச்சாட்டு. வியாபாரிகள், ஹஜ் முடித்துத் திரும்பியவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று சொல்லப்படுகிறது. எத்தனை பேர் என்பதில் அறுபது சொச்சம் முதல் நூற்றைம்பதுக்கு மேல் வரை பல எண்ணிக்கைகள் உண்டு. 2014இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து, தோண்டுவதற்கு உத்தரவும் கிடைத்து, பிறகு அப்படியே நின்றுபோனது.

அந்த நிலம் எப்படியானது என்று நமக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே மணல். கொஞ்சம் தோண்டினால் தண்ணீர். வருடம் முழுக்க வெக்கை, மாரியில் வெள்ளம். மரபணுவுக்கு எதிரி சூடும் ஈரமும்தான். குளிர்ந்த நாடுகளில் ஆயிரம் வருடத்து எலும்பில்கூட மரபணு எடுக்கிறார்கள். நமது மண்ணில் 35 வருடமே பெரிய காலம். கிடைத்தால் பல்லில் கிடைக்கலாம், தொடை எலும்பில் கிடைக்கலாம், காதைச் சுற்றியுள்ள கடினமான எலும்பில் கிடைக்கலாம். சிலவற்றில் கிடைக்காமலே போகலாம். அதற்காக யாரும் மறைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

அடுத்தது சுனாமி. இந்தக் கரை முழுக்க 2004இல் இறந்தவர்களை அவசர அவசரமாக, பெயரும் எழுதாமல், கூட்டமாக அடக்கினோம். ஆகவே கடலோரம் எலும்பு வந்தாலே அது 1990 என்று சொல்லிவிட முடியாது. இங்கேதான் மண் சாட்சி சொல்லும். அலை ஏறிய இடங்களில் அது கொண்டுவந்த கடல்மணல் ஒரு படையாகத் தங்கியிருக்கும். அந்தப் படை குலையாமல் மேலே கிடக்க, அதற்குக் கீழே குழி இருந்தால், குழி சுனாமிக்கு முந்தியது. படையை வெட்டிக்கொண்டு குழி இறங்கியிருந்தால் பிந்தியது. காபனால் பிரிக்க முடியாததை ஒரு விரலளவு மணற்படை பிரித்துவிடும். பெக்கோ இயந்திரத்தை விட்டுக் கண்டபடி வாரினால் அந்தப் படையும் போய்விடும், சாட்சியும் போய்விடும். "ஒரு நாளில் தோண்டி முடிக்கலாமே, ஏன் தூரிகையால் துடைத்துக்கொண்டு இருக்கிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எலும்பிலுள்ள காயமும் அப்படித்தான். இறந்த நேரத்தில் உடைந்த எலும்பின் உடைந்த முகத்தில் மண்ணின் நிறம் ஏறியிருக்கும். இப்போது மண்வெட்டி பட்டு உடைந்தால் அந்த இடம் வெளிறித் தெரியும். உயிரோடு இருக்கும்போது முறிந்து ஆறியதென்றால் விளிம்பு மழுங்கி, புது எலும்பு வளர்ந்திருக்கும். சிறு வயதில் வாப்பா மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவர் என்பது உங்கள் வீட்டில் ஒரு பழைய கதை. தோண்டுகிறவருக்கு அது தடயம்.

குழிக்குள் பொருட்களும் வரலாம். காசு, மோதிரம், சாவி, தஸ்பீஹ், பெல்ட் பூட்டு. காசில் 1984 என்று இருந்தால் குழி 1984இல் தோண்டியது என்று அர்த்தமில்லை. 1984க்கு முன்னர் தோண்டியதல்ல என்பது மட்டும்தான். குலையாத குழியில் 1996ஆம் ஆண்டுக் காசு ஒன்று அகப்பட்டால் அது 1990ஆம் ஆண்டுக் குழியே அல்ல. யாழ்ப்பாணத்தில் செம்மணியில் எடுத்த பொருட்களை 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி மக்களுக்குக் காட்டினார்கள், யாராவது அடையாளம் காண்பார்களா என்று. ஒரு பிள்ளையின் பாடசாலைப் பை அதில் இருந்தது. பார்த்தவர்களின் நெஞ்சு பதறியது. ஆனால் பொருள் ஒரு சைகைதான், முடிவல்ல. அந்தக் காலத்தில் தம்பியின் சேட்டை அண்ணன் போட்டிருப்பார், ஒருவரின் பையை மற்றவர் தூக்கியிருப்பார். ஒரு மோதிரத்தைப் பார்த்து இது என்னுடையவர் என்று எலும்பை வாங்கிக்கொண்டால், இன்னொரு வீட்டு ஜனாஸாவை நாம் அடக்கிவிடக்கூடும்.

சரி, இரத்தம் கொடுப்பது யார்?

எங்கட ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் அந்த வருடம் போனவர், திரும்பவில்லை. போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், "மகன், நான் ரத்தம் குடுத்தா அவர்ர எலும்பு எதெண்டு சொல்லுவாங்களா?"

நான் சொன்னேன், "உங்கட ரத்தம் மட்டும் குடுத்துச் சரிவராது மாமி. உங்கட மகனும் மகளும் குடுக்கணும். அவையள்ர உடம்புலதான் அவர்ர பாதி இருக்கு. ஆனா நீங்களும் குடுக்கணும். நீங்க குடுத்தாத்தான் பிள்ளைல எந்தப் பாதி உங்கட, எந்தப் பாதி அவர்ர எண்டு பிரிக்கலாம்."

"அவர்ர உம்மா மௌத்தாகி எட்டு வருசமாச்சே" என்றார்.

நம் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் பிரச்சினை அதுதான். 1990இல் இருபத்தைந்து வயதில் போனவரின் தாய் தகப்பன் இன்று உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களை மையவாடிக்குக் கொண்டுபோகிறோம். அவர்களோடு மிகச் சிறந்த சாட்சியும் போகிறது.

தாய் தகப்பன் இல்லையென்றால் கதவு அடைபடாது, வழி மட்டும் சுற்றாகும். சகோதரர்கள் உதவலாம். ஆனால் ஒரு தாய் தகப்பன் பிள்ளைகள் இருவர், ஓரிடத்தில் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கலாம், ஒன்று மட்டும் ஒன்றாக இருக்கலாம், ஒன்றுமே ஒன்றாக இல்லாமலும் இருக்கலாம். அதனால் ஒரு சகோதரரைவிட மூன்று சகோதரர்கள் கொடுப்பது எவ்வளவோ மேல். ஆண் வழியில் போகும் வை நிறமூர்த்தம் வாப்பாவிலிருந்து மகனுக்கு மாறாமல் வருவதால், காணாமல் போன ஆணின் தம்பி, மகன், தம்பியின் மகன், சாச்சாவின் மகன் எல்லோரிடமும் அதே அடையாளம் இருக்கும்.

தாய் வழியில் வருவது இழைமணி மரபணு. இதை வகுப்பில் சொல்லும்போது நமது பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும், காரணம் நமக்குக் குடி தெரியும். மட்டக்களப்பில் முஸ்லிமானாலும் தமிழரானாலும் குடி தாய் வழியில்தானே போகிறது. என் குடி என் பிள்ளைக்கு வராது, என் தங்கச்சியின் பிள்ளைக்கு வரும். இழைமணி மரபணுவும் அச்சொட்டாக அதே வழியில்தான் போகிறது. ஆகவே காணாமல் போனவரின் சகோதரியின் மகளிடமோ, சாச்சியின் மகனிடமோ அதை எடுக்கலாம். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பறித்துக்கொண்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாருக்கு, மேரி-கிளேர் கிங் என்ற விஞ்ஞானி 1980களில் உதவியதும் இந்த வழியால்தான். நடுவிலுள்ள தலைமுறையே கொல்லப்பட்டிருந்தும் பாட்டியின் இரத்தம் பேசியது.

ஆனால் குடி வழியின் பலமே அதன் பலவீனமும். ஒரு தாய் வழியில் வந்த நூற்றுக்கணக்கானோர் அதே அடையாளத்தைச் சுமக்கிறோம். அதனால் "இவர் இந்தக் குடும்பம் அல்ல" என்று அது உறுதியாகச் சொல்லும். "இவர்தான் அவர்" என்று தனியாகச் சொல்லாது. அதோடு நாம் மச்சான், மச்சி முறையில் சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் கட்டுகிறவர்கள். ஊரே ஒன்றுக்குள் ஒன்று. தூர தேசத்து மக்கள் தொகையை வைத்துப் போட்ட கணக்கை நமக்கு அப்படியே போட்டால் பிழைக்கும்.

கணக்கு என்றதும் ஒன்று. அரைகுறையாகக் கிடைத்த மரபணுவில், ஆயிரத்தில் ஒருவருக்குத் தற்செயலாகப் பொருந்தக்கூடிய அளவுக்குத்தான் வாசிக்க முடிந்தது என்று வைப்போம். "ஆயிரத்தில் ஒன்றென்றால் இவர்தானே!" என்று தோன்றும். ஐம்பதாயிரம் பேர் உள்ள ஊரில் அது ஐம்பது பேருக்குப் பொருந்தும். சரி, எழுபது குடும்பங்களோடு மட்டும் ஒப்பிடுகிறோம் என்றாலும், எழுபது எலும்புக்கூடுகளை எழுபது குடும்பங்களோடு ஒப்பிட்டால் 4,900 ஒப்பீடு. அதில் ஐந்து பொருத்தம் வெறும் தற்செயலாகவே வந்துவிடும். ஐந்து வீட்டுக்குப் பிழையான ஜனாஸா. அதனால்தான் ஆய்வுகூடங்கள் இதைவிடப் பல மடங்கு பலமான பொருத்தத்தைக் கேட்கின்றன. அதற்கு மேலும் வயது, உயரம், பல், பழைய முறிவு எல்லாம் ஒத்துவருகிறதா என்று பார்க்கின்றன. ஒரு வீட்டில் இரண்டு சகோதரர்கள் ஒன்றாகப் போயிருந்தால், தாய் தகப்பனின் இரத்தத்தால்கூட இவர் மூத்தவர், இவர் இளையவர் என்று பிரிக்க முடியாது. அதைப் பல்லும் எலும்பின் வளர்ச்சியும்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சிரமமா, அப்படியென்றால் விட்டுவிடலாமா என்று கேட்டால், பொஸ்னியாவைப் பாருங்கள். 1995 ஜூலையில் சிரெப்ரெனிகாவில் எண்ணாயிரம் அளவிலான முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்றார்கள். பிறகு சாட்சியை அழிக்க இயந்திரங்களால் குழிகளைக் கிண்டி எலும்புகளை வேறு இடங்களுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடந்தன. உறவினர்கள் பிற நாடுகளிலிருந்தும் இரத்தம் கொடுத்தார்கள். 2001இல் மரபணு மூலம் அடையாளம் காணத் தொடங்கி, இன்று ஏழாயிரத்துக்குக் கிட்டப் பெயர் கிடைத்துவிட்டது. இன்றும் ஒவ்வொரு ஜூலை 11ஆம் திகதியும் புதிதாக அடையாளம் கண்டவர்களுக்குத் தொழுகை நடத்தி அடக்குகிறார்கள். சில குடும்பங்கள் சில எலும்புகளோடு அடக்கின, மிச்சம் வரும் என்று சில குடும்பங்கள் காத்திருந்தன. அவர்களிடம் நம்மைவிடக் கூடுதலாக இருந்தது விஞ்ஞானம் மட்டுமல்ல. யார் யார் காணாமல் போனார்கள் என்ற ஒழுங்கான பட்டியலும், முன்வந்து மாதிரி கொடுத்த குடும்பங்களும் இருந்தன.

விஞ்ஞானம் எதைச் சொல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவர் யார், எப்போது, எப்படி இறந்தார் என்பதுவரை எலும்பு சொல்லலாம். யார் சுட்டது, யார் கட்டளையிட்டது என்று எலும்பு சொல்லாது. அதற்கு உயிரோடு இருக்கிற சாட்சிகள் வேண்டும். அதேபோல, குருக்கள்மடத்தில் என்ன வந்தாலும் அது இன்றைய குருக்கள்மடத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலை வளாகத்திலிருந்த அகதி முகாமிலிருந்து கொண்டுபோன 158 பேரை அவர்களுடைய தாய்மார் இன்னும் தேடுகிறார்கள். சத்துருக்கொண்டானில் 184 பேர். வாவியின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. நமது குழியைத் தோண்டும்போது நாம் கேட்கும் நீதி, அவர்களுடையதைத் தோண்டும்போதும் நமது வாயிலிருந்து வர வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது என்ன?

1. எழுதி வையுங்கள். போனவரின் வயது, உயரம், எந்தக் கை பழக்கம், விழுந்த பல், கட்டிய பல், பழைய முறிவு, அன்று உடுத்திருந்த சாரன், சேட், கையிலிருந்த பொருள். வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். சிரித்தபடி பல் தெரியும் படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

2. முறைப்பாடு செய்யாத குடும்பங்கள் செய்யுங்கள். காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது. மரணச் சான்றிதழோ காணக்கிடையாமைச் சான்றிதழோ எடுத்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம்.

3. எண்பது வயதுத் தாய், தகப்பன், மூத்த சகோதரர் இருக்கும் வீடுகள் முதலில். மாதிரி எடுக்கும் ஏற்பாட்டை அகழ்வு முடியும்வரை தள்ளிப்போடாமல் இப்போதே செய்யும்படி சட்டத்தரணிகள் மூலம் நீதிமன்றத்தைக் கேட்க நமது சம்மேளனங்களும் பள்ளிவாசல்களும் முன்வர வேண்டும்.

4. நீதிமன்றமோ அதற்குரிய அரச நிறுவனமோ கேட்டால் மட்டும் கொடுங்கள். தனியாள் யாராவது "நான் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்துத் தாறன்" என்று வந்தால் கொடுக்க வேண்டாம். மரபணு குடும்பத்தின் அமானிதம். கேட்காத கேள்விக்கும் அது பதில் சொல்லிவிடும், யார் யாருடைய பிள்ளை என்பது உட்பட.

5. அகழ்வு நடந்தால் அந்த இடத்தில் கூடி நின்று கால் வைக்க வேண்டாம், எலும்பைப் படம் எடுத்துப் போட வேண்டாம். தொழுகை, கபன், மறுபடி அடக்குவது பற்றி உலமாக்கள் இப்போதே பேசி ஒரு முடிவுக்கு வருவது நல்லது.

6. "இல்லை" என்ற பதிலுக்கும் மனதைத் தயார்ப்படுத்துங்கள். குழியே அந்த இடத்தில் இல்லாமல் போகலாம். எலும்பு இருந்து மரபணு இல்லாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்குப் பெயர் கிடைத்து நமக்குக் கிடைக்காமல் போகலாம். சரியாகச் செய்து கிடைத்த "இல்லை" என்பது, பிழையாகச் செய்து கிடைத்த "ஓம்" என்பதைவிட மேல்.

ஒரு ஆளின் அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது, மற்றப் பாதி நமது வீட்டில், நமது உடம்பிலும் நினைவிலும் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் பாதியை எடுப்பது நீதிமன்றத்தின் கையில். வீட்டில் இருக்கும் பாதியைக் காப்பாற்றுவது நமது கையில். இந்தக் கிழமை ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, வீட்டில் மூத்தவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த ஜனாஸாக்கள் அனைத்துக்கும் அல்லாஹ் மறுமையில் உயர்ந்த இடத்தைக் கொடுப்பானாக. காத்திருப்பவர்களுக்குப் பொறுமையையும் உண்மையையும் கொடுப்பானாக.

வஸ்ஸலாம்.